கணேசமூர்த்தியின் சத்தம் புகாத கதவுகள்

மலாக்காவில், டுரியான் துங்கால் வட்டாரத்தில் காது உள்ளவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். காதை வைத்தே பிழைத்தவர் கணேசமூர்த்தி ஒருவர்தான். பத்து பெரண்டாமில் இருந்த ஒரு மின்விசிறித் தொழிற்சாலையில் பதினாறு ஆண்டுகளாக அவருக்கு ஒரே வேலை. செய்து முடித்த விசிறிகள் ஒவ்வொன்றாக அவர் மேசைக்கு வரும். சுவிட்சைத் தட்டுவார், இடது கண்ணை மூடுவார், தலையைச் சாய்ப்பார், மனத்துக்குள் மூன்று எண்ணுவார். பிறகு "பாஸ்" என்பார், அல்லது "ரிஜெக்ட்" என்பார். வேலை நேரத்தில் இந்த இரண்டு சொற்களைத் தாண்டி அவர் மூன்றாவது சொல் ஒன்றைச் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை.

இதில் ஒரு சங்கடம். சாயங்காலம் பஞ்ச் கார்டை அடித்துவிட்டு உடம்பு வீட்டுக்கு வந்துவிடும். காது மட்டும் டியூட்டியிலேயே இருக்கும். சோறு பிசையும்போது குழாய் சொட்டுவது கேட்கும். குழாயை இறுக்கிவிட்டு உட்கார்ந்தால் கடிகாரத்தின் முள் ஒரு இடத்தில் தயங்குவது கேட்கும். கடிகாரத்தைக் கழற்றினால் மனைவி வாணியின் வலது கை வளையல்கள் இடது கை வளையல்களைவிடக் கொஞ்சம் கரகரப்பாக ஒலிப்பது கேட்கும். "ரிஜெக்ட்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவார். வாணி இதைக் கேட்டுக் கேட்டுப் பழகி, கல்யாணமான நான்காவது ஆண்டிலிருந்து கோபப்படுவதையே விட்டுவிட்டாள்.

அவர் குடியிருந்த தாமான் காதுள்ள மனிதனுக்கு ஏற்ற இடம் அல்ல. மலிவு விலை வீடுகள், வரிசைக்கு இருபது. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் இருந்ததைச் சுவர் என்று கட்டியவர் சொன்னார். மற்றவர்களும் மரியாதைக்காக அப்படியே சொல்லி வந்தார்கள். இந்த வீட்டில் வாணி, "உப்பு ஜாடி எங்க போச்சு?" என்று தனக்குத்தானே முணுமுணுத்தால், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மீனம்மா, "நேத்து என்கிட்ட குடுத்துட்டுப் போனீங்களே வாணி" என்று பதில் சொல்வார். மீனம்மா ஒட்டுக்கேட்பவர் அல்ல. ஒட்டாமலே கேட்கும்போது அதற்கு அவசியம் இல்லை.

இந்தச் சூழ்நிலையில்தான் 1996ஆம் ஆண்டு கணேசமூர்த்தியின் தங்கை கலைமகளுக்கு ஐந்தாவது வரன் வந்தது.

கலைமகளுக்கு முப்பத்தொரு வயது. மலாக்கா டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிளார்க். வந்த நான்கு வரன்களையும் அவளே தள்ளிவிட்டாள். ரிஜெக்ட் செய்வது அந்தக் குடும்பத்து ரத்தத்தில் இருந்தது. ஐந்தாவதைப் பற்றிச் சொன்னபோது மட்டும், "சரிண்ணே, வரச் சொல்லுங்க" என்றாள். காரணம் எளியது. மாப்பிள்ளை நிவேந்திரன் ஏதோ பத்திரத்தில் கையெழுத்துப் போட அவள் அலுவலகத்துக்கு வந்திருக்கிறார். அவளிடம் பேனா இரவல் வாங்கியிருக்கிறார். போகும்போது திருப்பிக் கொடுத்திருக்கிறார். அந்த அலுவலகத்தின் பதினோரு ஆண்டு வரலாற்றில் அப்படி ஒன்று நடந்ததே இல்லையாம்.

ஆக, இந்த வரன் கைநழுவக்கூடாது. நழுவக்கூடிய இடமும் தெரிந்திருந்தது. நிவேந்திரனின் தாயார் பாக்கியலட்சுமி மலாக்கா டவுன் ஓரம் தெங்கேராவில் துணிக்கடை வைத்திருந்தார். கணவர் காலமாகிவிட்டார். அம்மையாரின் ஒரே நிபந்தனையைத் தரகர் மணியம், நாற்காலி நுனியில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அவங்க மூணு தலைமுறையா டவுன் ஆளுங்க. தோட்டத்து வாசனையே ஆகாது. நீங்க எப்படி?"

கணேசமூர்த்தியின் அப்பா ரப்பர் தோட்டத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். அம்மா அதே தோட்டத்தில் புல் வெட்டியவர். அண்ணனும் தங்கையும் பிறந்தது லயத்து வீட்டில், கடைசியிலிருந்து இரண்டாவது கதவு.

"நாங்களும் டவுன்தான்" என்றார் கணேசமூர்த்தி. "அப்பா கவர்மெண்டு."

"எந்த கவர்மெண்டு?" என்று சுவர் கேட்டது. அதாவது, மீனம்மா கேட்டார்.

மணியம் போன பிறகு கலைமகள் சமையலறையிலிருந்து வந்து நின்றாள். "அண்ணே, பொய்யில ஆரம்பிக்காதீங்க. நான் அவருகிட்ட நேராச் சொல்லிக்கிறேன்."

"சொல்லு. யாரு வேணாம்னா? தாலி ஏறின பிறகு சொல்லுலா."

அவள் உள்ளே போய் ஒரு டம்ளரை நங்கென்று வைத்தாள். அந்தச் சத்தத்தை அவர் காது பாஸ் செய்யவில்லை. ஆனால் அதை ஆராய நேரம் இல்லை. தீபாவளி முடிந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கும் நாள். மாப்பிள்ளை வீட்டார் வேன் பட்டறையில் கிடந்ததால், தெங்கேராவிலிருந்து எல்லாரையும் கணேசமூர்த்தியே தன் காடியில் அழைத்து வருவதாக ஏற்பாடு. அந்தக் காடியின் முன்கதவில் ஒரு சத்தம் இருந்தது.

காடி பழைய கார்தான். ஆனால் அதில் அவர் புதிதாக ஒரு கேசட் செட்டும், கதவுக்கு ஒன்றாக நான்கு ஸ்பீக்கரும் பொருத்தியிருந்தார். வீட்டில் கிடைக்காத நிம்மதிக்காக அவர் அமைத்துக்கொண்ட ஒரே இடம் அது. தவில் அடித்தால் நெஞ்சில் விழவேண்டும் என்பது அவருடைய எளிய ஆசை. தவில் அடித்ததும் கதவு "கிரிக்" என்றது. தம், கிரிக். தம் தம், கிரிக் கிரிக். உலகத்தில் வேறு யாருக்கும் கேட்காத அந்த கிரிக்கால் அவர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

மலாக்காவில் காடிச் சாமான் விற்கும் சீனத் தவுக்கே ஒருவர் கதவை விரலால் தட்டிப் பார்த்து நோயைக் கண்டுபிடித்தார். கதவின் தகரம் வெறும் டின். ஸ்பீக்கர் அதிரும்போது தகரமும் சேர்ந்து பாடுகிறது. உள்ளே கனமாக ஒன்றை ஒட்டித் தகரத்தின் வாயை அடைக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்று ஒரு கறுப்புத் தகட்டை எடுத்து வைத்தார். கணேசமூர்த்தி அதைத் தொட்டார், வளைத்தார், மூக்கருகே கொண்டு போனார். அந்தக் கணத்தில் அவருக்குள் ஒரு தேசபக்தன் கண் விழித்தான். இது ரப்பர் அல்லவா? நம் ஆட்கள் நூறு வருடமாகக் கொசுக்கடி பட்டு எடுத்துக் கொடுத்த சாமான் அல்லவா? அது கப்பலேறிப் போய், கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, நம்மிடமே விலை சொல்வதா?

அன்று மாலையே இருளாண்டியைப் பார்க்கப் போனார். இருளாண்டி கூடப் படித்தவர், இன்னமும் தோட்டத்தில் புகைக்கூட்டு வேலை. பாலை உறையவைத்து, தகடாக உருட்டி, புகையில் காயப்போட்டு ரப்பர் சீட்டாக்கும் இடம் அது.

"டேய், தள்ளிப்போட்ட சீட்டு இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"காடிக் கதவுக்குள்ள ஒட்டணும்."

இருளாண்டி சுருட்டை எடுத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். "காடிக்குள்ளயா? ஏன்டா, தோட்டத்த விட்டு ஓடினது நீ. இப்ப தோட்டத்த உள்ள வச்சு ஓட்டப்போறியா?"

"சவுண்டுக்குடா. ஒனக்குப் புரியாது."

"நாறும்டா."

"காத்துப் போகாம அடைச்சிட்டா நாறாது."

இந்த விஞ்ஞானக் கருத்தை மதித்து இருளாண்டி கேட்டதற்கு மேலேயே எட்டு சீட்டு தூக்கிப் போட்டார்.

அடுத்து வந்த இரண்டு வாரமும், வேலை விட்டு வந்த நேரமெல்லாம், கணேசமூர்த்தி வீட்டு வாசலில் நான்கு கதவுகளின் குடலையும் வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள் அட்டையைக் கழற்றினார். தேன் நிறச் சீட்டுகளைக் கத்தரித்து, செருப்புத் தைப்பவர்கள் பூசும் மஞ்சள் பசையால் தகரத்தில் ஒட்டினார். ஒட்டிவிட்டுத் தட்டுவார், கண்ணை மூடுவார், எண்ணுவார். போதாது. இன்னொரு அடுக்கு. கண்ணாடி ஏறி இறங்கும் கம்பிக்கு இடம் இல்லாமல் போயிற்று. கண்ணாடி என்ன, இறக்கினால் சத்தம்தானே வரும் என்று அதையும் தியாகம் செய்தார். ராத்திரி படுத்தால் தூக்கம் வராது. எங்கேயோ ஒரு மூலை ஒட்டாமல் இருப்பது போலவே இருக்கும்.

கதவின் அடிப்பகுதியில், தகரத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. கதவுக்கு ஐந்து. இவ்வளவு பெரிய காடியைச் செய்தவர்கள் இந்த ஓட்டைகளை அடைக்க மறந்துவிட்டார்களே என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். சத்தம் கசிவது இங்கேதான். உருட்டிய ரப்பரைத் திணித்து, பசை ஊற்றி, இருபது ஓட்டைகளையும் தன் கையாலேயே அடைத்தார்.

"என்னாங்க, ஓட்டை வச்சிருக்கான்னா எதுக்காச்சும் வச்சிருப்பான்லா" என்றாள் வாணி, துணி காயப்போட்டபடி.

"ஓட்டைன்னா என்ன? வேலை முடியலன்னு அர்த்தம்."

வேலை முடிந்தது. கதவைச் சாத்தினார். "டொப்" என்றது. அவ்வளவுதான். முன்பு தகர டப்பாவை எட்டி உதைத்தது போல ஒலித்த கதவு, இப்போது பெரிய மனிதர் ஒருவர் தொண்டையைச் செருமியது போல ஒலித்தது. உள்ளே உட்கார்ந்து கேசட்டைப் போட்டார். தவில் நெஞ்சில் விழுந்தது. கிரிக் இல்லை. வெளியே வாணி ஏதோ கேட்டது வாயசைவாகத் தெரிந்தது, குரல் இல்லை. மீனம்மா இல்லை, குழாய் இல்லை, கடிகாரம் இல்லை. நாற்பத்து மூன்று வருட வாழ்க்கையில் முதல் தடவையாகக் கணேசமூர்த்தி "பாஸ்" என்று தனக்கே தனக்காகச் சொல்லிக்கொண்டார்.

அந்த நிம்மதி நான்கு நாள் நீடித்தது. பிறகு மழை பிடித்துக்கொண்டது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மழை விட்டு, சுள்ளென்று வெயில். தெங்கேராவில் துணிக்கடை வாசலில் பாக்கியலட்சுமி அம்மாள் பட்டுச் சேலையோடு நின்றார். பின் இருக்கையில் அவரும் மணியமும் ஏறினார்கள், முன்னால் நிவேந்திரன். அமைதியான ஆள், சட்டைப்பையில் ஒரு பேனா, சொந்தமானது. டொப், டொப், டொப். கணேசமூர்த்திக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் முனையில் திரும்பியதும், வரும்போது தவில் சத்தத்தில் அமுங்கிக் கிடந்த ஒன்று கதவுக்குள்ளே "சளப்" என்றது.

கணேசமூர்த்தி வேகத்தைக் குறைத்தார். அடுத்த முனை. சளப் சளப்.

"தம்பி, கால்கிட்ட தண்ணி டின் ஏதும் இருக்கா?" என்று கேட்டார் பாக்கியலட்சுமி அம்மாள்.

"இல்லைங்கம்மா. அது ஸ்டீரியோ. நாலு பக்கமும் ஸ்பீக்கர். கடல் அலைகூட அப்படியே கேக்கும்."

"ரேடியோவே போடலையே தம்பி."

மணியம் இருமினார். கணேசமூர்த்தி அவசரமாகக் கேசட்டைத் தள்ளினார். நாதஸ்வரம் எழும்பியது, அதோடு வெயில் ஏற ஏற இன்னொன்றும் எழும்பியது. புகையும் புளிப்பும் கலந்த ஒரு வாடை. அதை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அறியாதவர்களுக்கு விளக்கினாலும் நம்பமாட்டார்கள். அம்மாள் சேலைத் தலைப்பை மூக்குக்குக் கொண்டு போனார்.

"இந்தக் கண்ணாடியக் கொஞ்சம் எறக்குங்களேன்."

"எறங்காதுங்கம்மா. சவுண்ட் ப்ரூப்."

"ஆளையும் சேத்தா ப்ரூப் பண்ணுவாங்க?" என்றார் அம்மாள்.

டவுனைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக வந்தன. கணேசமூர்த்தி அவற்றைப் பார்க்காமல் நேராகப் பார்த்து ஓட்டினார். பின்னாலிருந்து கேள்வி வந்தது.

"இதெல்லாம் என்ன மரம் தம்பி?"

"பால்மரம்னு சொல்லுவாங்க போலங்கம்மா. நமக்கு அவ்வளவாத் தெரியாது."

"பாலா? மரத்துலேருந்து எப்படிப்பா எடுப்பாங்க?"

கணேசமூர்த்தி கியரை மாற்றினார். "பிழிவாங்கன்னு நெனைக்கிறேன்."

"ஓ, பிழிவாங்களா" என்றார் அம்மாள், முகம் சற்றும் மாறாமல். மணியம் ஜன்னல் வழியாக எதையோ மிகுந்த அக்கறையோடு பார்க்க ஆரம்பித்தார். நிவேந்திரன் மட்டும் ஒருமுறை தலையைத் திருப்பித் தாயாரைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் வாணி கேசரியும் வடையும் வைத்திருந்தாள். கலைமகள் பச்சைச் சேலையில் வந்து வணங்கி உட்கார்ந்தாள். எல்லாம் முறைப்படி நடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோ நின்றுபோயிருந்தது. மீனம்மாவின் குடும்பம் முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது கணேசமூர்த்தியின் காதுக்குத் தெளிவாகக் கேட்டது.

"அப்பா எந்த டிப்பார்ட்மெண்டுல இருந்தாங்க?" என்று அம்மாள் கேட்டார்.

"ரோட்டு இலாகா" என்றார் கணேசமூர்த்தி. கலைமகள் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். அவர் அவசரமாக இன்னொரு வடையை எடுத்தார்.

அப்போது நிவேந்திரன் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "நான் அவங்ககிட்ட கொஞ்சம் தனியா பேசலாமா?"

நியாயமான கேள்விதான். இந்தக் காலத்தில் யாரும் மறுப்பதில்லை. ஆனால் அந்த வீட்டில் தனியாக என்பதற்கு இடம் எங்கே? முன்னறையில் எல்லாரும். சமையலறையில் வாணி. படுக்கையறை என்பது மீனம்மாவின் முன்னறை மாதிரி. கணேசமூர்த்தி உள்ளூர மகிழ்ந்துபோய், "இடம் இல்லையேப்பா" என்று சொல்ல வாயெடுத்தார்.

"அண்ணே, காடி சாவியக் குடுங்க" என்றாள் கலைமகள். "உள்ள பேசினா வெளிய ஒரு சத்தம் வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

டொப். டொப். இரண்டு கதவுகள் மூடின. நிவேந்திரன் ஓட்டுநர் இருக்கையில், அவள் பக்கத்தில்.

கணேசமூர்த்தி வாசலில் நின்றார். பாக்கியலட்சுமி அம்மாளுக்கு நாற்காலி கொண்டுவந்து போடப்பட்டது. அவர் தேநீர்க் கிளாஸோடு உட்கார்ந்தார். எட்டடி தூரத்தில் கண்ணாடிக்குள் இரண்டு வாய்கள் அசைந்தன. கணேசமூர்த்தி இடது கண்ணை மூடினார், தலையைச் சாய்த்தார். உள்ளே வாணி கரண்டியைக் கழுவுவது கேட்டது. மூன்றாவது வரிசையில் நாய் ஒன்று சொறிந்துகொள்வது கேட்டது. முன்னறை விசிறியின் பேரிங் இன்னும் ஆறு மாதத்தில் போய்விடும் என்பதுகூடக் கேட்டது. அவர் வாழ்க்கையில் கேட்டே ஆகவேண்டிய ஒரே பேச்சு மட்டும் கேட்கவில்லை. ஒரு மூலைகூட விடாமல் அத்தனை ஒழுங்காக ஒட்டியிருந்தார். தன் வேலையின் நேர்த்தியைக் கண்டு ஒரு மனிதன் இவ்வளவு நொந்துபோனது அந்தத் தாமானில் அதுவே முதல் தடவை.

இங்கே நடந்தார், அங்கே நடந்தார். செருப்பைப் போட்டார், கழற்றினார். இரண்டு நிமிடம். மூன்று. கலைமகள் எதையோ அழுத்திச் சொல்கிறாள். நிவேந்திரன் கேட்கிறார். அவர் புரியாமல் புருவத்தைத் தூக்க, அவள் கையைத் தூக்கினாள். கண்ணுக்குத் தெரியாத கத்தி ஒன்றைப் பிடிப்பது போல இரண்டு கைகளையும் சேர்த்தாள். இடது மேலிருந்து வலது கீழாக, சாய்வாக, மெல்ல ஒரு கோடு இழுத்தாள். கோடு முடிந்த இடத்துக்குக் கீழே உள்ளங்கையைக் குவித்துக் காட்டினாள்.

அதைப் பார்த்துப் பால்வெட்டு என்று புரிந்துகொள்ளக் காது தேவையில்லை.

கணேசமூர்த்தி மெதுவாக ஓரக்கண்ணால் பார்த்தார். அம்மாளின் தேநீர்க் கிளாஸ் பாதி வழியில் நின்றிருந்தது.

"வீணைங்கம்மா" என்றார் கணேசமூர்த்தி. "சின்ன வயசுல கத்துக்கிட்டா."

"மேலேருந்து கீழ இழுத்தா வாசிப்பாங்க?" என்றார் அம்மாள், கண்ணை எடுக்காமல்.

இனி பொறுப்பதற்கில்லை. கணேசமூர்த்தி வடைத் தட்டை எடுத்துக்கொண்டு, உபசரிக்கும் பாவனையில் காடியை நோக்கி ஓடினார். ஓட்டுநர் பக்கத்துக் கதவைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. ஏழு நாள் மழை, கண்ணாடி ஓரமாக இறங்கி, அடைத்த ஓட்டைகளுக்குப் பின்னால், போக இடமில்லாமல் உள்ளேயே குடியிருந்தது. கதவு சினைமாடு போலக் கனத்து, வெயிலில் இளகிய பசை வேறு ஓரத்தைக் கவ்வியிருந்தது. தட்டைக் காடியின் கூரையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் இழுத்தார்.

கதவு திறந்தது. அதே வேகத்தில் உள் அட்டையின் கிளிப்புகள் டப், டப், டப் என்று தெறித்தன. பிறகு தண்ணீர். இரண்டு வாளி இருக்கும். கணேசமூர்த்தியின் காற்சட்டையை முழங்கால் வரை நனைத்து, வாசல் சிமெண்டில் பரவி, வடிகாலைத் தேடிக்கொண்டு போயிற்று. தண்ணீருக்குப் பின்னால், பசை விட்டுப்போன ரப்பர் சீட்டு ஒன்று கதவின் வயிற்றிலிருந்து நாக்கு மாதிரி நீண்டு, வழுக்கி, பொத்தென்று தரையில் விழுந்தது.

முதலில் வாடை பேசியது.

"அது வந்துங்கம்மா" என்று ஆரம்பித்தார் கணேசமூர்த்தி. மேலே சொல்வதற்கு ரோட்டு இலாகாவில் ஒன்றும் இல்லை.

பாக்கியலட்சுமி அம்மாள் கிளாஸைக் கீழே வைத்தார். எழுந்து வந்தார். குனிந்து, சீட்டின் இரண்டு முனைகளைப் பிடித்து எடுத்தார். இரண்டு தடவை உதறினார். பிறகு அதைத் தலைக்கு மேலே தூக்கி, வெயிலுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கி, இடமிருந்து வலமாக, வரி வரியாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.  இது வேடிக்கை பார்க்கிற பார்வை அல்ல. பதினாறு வருடமாகத் தன் மேசையில் தானே செய்துவருகிற காரியம் இது.

"குமிழி" என்றார் அம்மாள், சீட்டைப் பார்த்தே. "புகைக்கூட்டுல மொத நாளே தீய ஏத்திட்டான். அவசரக்குடுக்கை. இத மூணாம் நம்பர் தரத்துலதான் போடணும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குத் தன் குரல் கேட்டது. தூக்கிய கைகள் தூக்கியபடியே நின்றன.

வாசலின் அரைச் சுவருக்கு மேலே மீனம்மாவின் தலை எழும்பியது. "மூணுக்கும் தேறாதுக்கா. ஓரத்தைப் பாருங்க, பூசணம். ஆமா, அக்கா எந்தத் தோட்டம்?"

இரண்டு தமிழர் சந்தித்தால் இந்த நாட்டில் முதலில் கேட்கப்படும் கேள்வி அது. தெங்கேராவில் அதற்கு அம்மாள் இருபது வருடமாக டவுன் என்ற ஒரே பதிலைச் சொல்லிவந்தார். இப்போது கையில் சீட்டு இருந்தது. அவர் மகனைப் பார்த்தார், ஈரத்தில் நின்ற கணேசமூர்த்தியைப் பார்த்தார், காடிக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்த கலைமகளைப் பார்த்தார்.

"சுங்கை ரம்பாய் பக்கம்" என்றார் மெல்ல. "ஏழாங்கட்டைத் தோட்டம்."

"ஏழாங்கட்டையா? எங்க நாத்தனார அங்கதானே குடுத்தோம்" என்றார் மீனம்மா.

"அம்மா அங்க பன்னெண்டு வருஷம் சீட்டு தரம் பிரிச்சாங்க" என்றார் நிவேந்திரன், காடியிலிருந்து இறங்கி, தண்ணீரைத் தாண்டிக் கால் வைத்தபடி. "அதத்தான் நானும் உள்ள சொல்லிக்கிட்டிருந்தேன்."

மணியம் கையைப் பிசைந்தார். "அதாவது அம்மா, மூணு தலைமுறைன்னு நான் சொன்னது..."

"நீ பேசாத மணியம். அப்படிச் சொன்னாத்தான் நல்ல எடம் அமையும்னு எங்கிட்ட சொன்னவன் நீதான்." அம்மாள் கணேசமூர்த்தியின் பக்கம் திரும்பினார். "இங்கயும் அதத்தான் சொல்லியிருப்பான். ரோட்டு இலாகாவாம்."

கணேசமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். கால்விரல்களுக்கிடையில் மழைத்தண்ணீர் இன்னமும் ஓடிக்கொண்டிருந்தது. "அப்பா பால்வெட்டுங்கம்மா" என்றார். "முப்பத்திரண்டு வருஷம்."

"தெரியும். ஒங்க தங்கச்சி வீணை வாசிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு." அம்மாள் சீட்டை நான்காக மடித்து, பழக்கப்பட்ட கையால் ஓரத்தைத் தட்டிச் சரிசெய்து, அவரிடம் கொடுத்தார். "தம்பி, மத்த கதவுல இருக்கறதையும் எடுத்துப் போட்டுடுங்க. கல்யாணத்துக்கு இந்த நாத்தத்தோட காடியக் கொண்டு வராதீங்க."

"அப்ப முடிவாயிடுச்சா?" என்று வாணி சமையலறையிலிருந்து கேட்டாள்.

"ஆயிடுச்சு வாணி" என்று சுவருக்கு மேலிருந்து மீனம்மா பதில் சொன்னார்.

மாலையில் திரும்பவும் தெங்கேராவுக்குப் பயணம். ஓட்டுநர் பக்கத்துக் கதவு வயிறு ஒட்டிப்போய், கிளிப்புகள் தெறித்ததில் மேடு பள்ளத்துக்கெல்லாம் கிரிக் கிரிக் என்றது. மற்ற மூன்று கதவுகளும் சளப் சளப் என்றன. கேசட் போட வாய்ப்பே இல்லை. ரப்பர் மரங்கள் தொடங்கியதுமே பின் இருக்கையும் தொடங்கிவிட்டது.

"அந்த மரத்தப் பாருங்க, பட்டையச் சிதைச்சு வச்சிருக்கான். வெட்டா இது? கோழி கிண்டின மாதிரி. இந்த வரிசை பரவால்ல. அடுத்தது, ஐயோ, கத்திய மேயவுட்டுட்டான்." இருபது வருடமாக அடக்கி வைத்த அபிப்பிராயங்கள், ஓட்டை திறந்ததும் நிற்கவில்லை. மணியம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தார். அவரும் ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர்தான் என்பது பாதி வழியில் வெளிவந்தது.

கணேசமூர்த்தியை வேறொன்று அரித்தது. காடிக்குள் அவர்கள் ஏழு நிமிடம் பேசினார்கள்; அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் தோட்டம் என்று அவள் சொல்ல ஒரு நிமிடம். எங்கம்மாவும் தோட்டம் என்று இவர் சொல்ல ஒரு நிமிடம். மீதி ஐந்து நிமிடம் என்ன? கிளம்பும் முன் கலைமகளிடம் கேட்டார். "காடியோட சவுண்டப் பத்திதான்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அந்தச் சிரிப்பு பாஸா ரிஜெக்டா என்று இன்னும் பிடிபடவில்லை.

சிவப்பு விளக்கில் காடி நின்றது. கணேசமூர்த்தி பக்கத்தில் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். "மாப்ள, அந்த மீதி அஞ்சு நிமிஷம் என்ன பேசுனீங்க?"

நிவேந்திரன் கொஞ்சம் யோசித்து, லேசாக வெட்கப்பட்டு, பதில் சொல்ல ஆரம்பித்தார். அவர் உதடுகள் அசைந்தன. பின்னால் அம்மாள் ஒரு மரத்தை வாயாலேயே உரித்துக்கொண்டிருந்தார். விளக்கு பச்சையாகிக் காடி நகர்ந்ததும் மூன்று கதவுகளும் சேர்ந்து சளப்பென்றன. நான்காவது கிரிக் என்றது.

கணேசமூர்த்தி இடது கண்ணை மூடினார், தலையைச் சாய்த்தார், மனத்துக்குள் மூன்று எண்ணினார்.

ஒரு சொல்லும் கேட்கவில்லை.